பாதியில் விடக்கூடிய வேலைகள்

எங்கள் வீட்டில் அடி கருகிய பாத்திரம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் அந்தக் கறுப்பு வட்டம் போகவில்லை, தூக்கிப்போட எனக்கு மனமும் வரவில்லை. மகள் பிறந்து 5 வாரம் ஆகியிருந்த சமயம். மதியம் அவளைத் தூங்க வைத்துவிட்டு, எப்படியும் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். பத்தே நிமிடத்தில் அழுகை. தீயைச் சிம்மில் வைத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தேன். அப்புறம் எனக்கு நினைவில் இருப்பது புகை வாசனைதான்.

கண் விழித்தபோது அவள் என் முழங்கைக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் நடுவில் சரிந்து கிடந்தாள். நல்லவேளை, முகம் வெளிப்பக்கம் இருந்தது. அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, அன்று முழுக்கப் பாத்திரத்தை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன். அடுத்த வாரம் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸிடம் இதை ஒரு சிரிப்புக் கதை மாதிரி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பாத்திரம் கிடக்கட்டும்மா. குழந்தையை வச்சுக்கிட்டு சோபாவுலயோ நாற்காலியிலயோ தூங்கிப்போறதுதான் பெரிய ஆபத்து. இடுக்குல முகம் புதைஞ்சா அதுக்குத் திருப்பிக்கத் தெரியாது" என்றார். கண் சொருகுகிற நேரத்தில் நாற்காலிப் பக்கமே போகாதீர்கள், தலையணை போர்வையெல்லாம் எடுத்துவிட்டுக் கெட்டியான மெத்தையில் உட்கார்ந்து கொடுங்கள், முடித்ததும் குழந்தையை அதன் இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அடுப்பை மறந்தது ஒரு தப்பு, சரி. ஆனால் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் தூங்கிப்போகிற அளவுக்கு ஏன் இருந்தேன்? அவள் தூங்கும் நேரத்தையெல்லாம் வேலைக்கு என்று எழுதி வைத்திருந்தேன். அவள் தூங்கினால் வேலை, விழித்தால் அவள். இந்தக் கணக்கில் நான் தூங்குவதற்கு இடமே இல்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று பிரசவத்துக்கு முன்னால் படித்திருந்தேன். 24-இல் 16 போனால் 8. எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டால் போதும், மீதி நேரம் நம்முடையது என்று நிஜமாகவே நம்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த 16 மணி நேரம் முழுசாக வருவதில்லை. அரை மணி, முக்கால் மணி, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டரை மணி என்று சில்லறையாக வருகிறது. அதிலும் பாதி நம் மார்மேல். படுக்கையில் விட்டால் முழித்துக்கொள்ளும்.

ஒரு நாள் வீம்புக்கு ஒரு பேப்பரை எடுத்து எல்லாவற்றையும் குறித்தேன். தாய்ப்பால் குடிக்கும் பச்சைக்குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டியிருக்கும் என்பார்கள். அன்று 11 தடவை. ஏப்பம் எடுப்பதையும் சேர்த்து ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. அதிலேயே ஐந்தரை மணி நேரம் போய்விட்டது. டயப்பர் 9. உடை மாற்றியது 4, எனக்கும் சேர்த்து 6. ராத்திரி அந்தப் பேப்பரைக் கணவரிடம் காட்டினேன். வேலையே முடியமாட்டேன் என்கிறதே என்று அதுவரை என்மேல் எனக்கிருந்த கோபம், அந்தக் கூட்டல் கணக்கைப் பார்த்ததும் பாதியாகக் குறைந்தது. உங்களுக்கும் அந்தக் கோபம் இருந்தால் ஒரே ஒரு நாள் குறித்துப் பாருங்கள். தினமும் வேண்டாம், அது இன்னொரு வேலையாகிவிடும்.

அதற்குப் பிறகுதான் வேலைகளை வேறு மாதிரி பிரிக்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் எது அவசரம், எது முக்கியம் என்று பார்ப்பேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பிரிவினை உதவாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையை இந்த நொடியே அப்படியே போட்டுவிட்டுப் போக முடியுமா?

துணி மடிப்பது அப்படிப்பட்ட வேலை. ஏழாவது துணியில் விட்டால் எட்டாவதிலிருந்து தொடரலாம், அது கோபித்துக்கொள்ளாது. கூட்டுவதும் அப்படித்தான், குப்பையை மூலையில் ஒதுக்கிவிட்டு வந்துவிடலாம். பாத்திரம் தேய்ப்பதில் கை ஈரம் மட்டும்தான் தொந்தரவு. ஆனால் அடுப்பு வேலை, இஸ்திரி போடுவது, கொதிநீர் புழங்குவது, ஆசிட் ஊற்றிக் கழிவறை கழுவுவது, நாற்காலி போட்டு ஏறிப் பரணைச் சுத்தம் செய்வது, இதெல்லாம் பாதியில் விட முடியாதவை. விட்டால் ஒன்று கருகும், அல்லது யாருக்காவது அடிபடும். இவற்றை நான் தனியாக இருக்கும்போது செய்வதையே நிறுத்தினேன். இன்னொரு ஆள் வீட்டில் இருந்து, குழந்தை அவர் கையில் இருந்தால் மட்டும்தான். சமையலும் அப்படியே. காலையில் கணவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய 45 நிமிடம் அவர் கையில் பாப்பா, என் கையில் அடுப்பு. அந்த நேரத்துக்குள் என்ன ஆகிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு. நறுக்குவது, உரிப்பது, கழுவி வைப்பது மாதிரி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடியதையெல்லாம் முந்தின நாள் அங்கங்கே கிடைக்கும் ஐந்து நிமிடங்களில் முடித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன்.

தவிர்க்க முடியாமல் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியிருந்தால் போனில் 10 நிமிடத்துக்கு டைமர் வைத்து, போனை இடுப்பிலேயே செருகிக்கொள்வேன். அழுதால் சிம்மில் வைப்பது கிடையாது, அணைத்துவிடுவேன். ஆறிப்போனால் மறுபடி சூடு பண்ணிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு பாதி உண்டு. நிறுத்தக்கூடிய வேலைகளை அவள் விழித்திருக்கும்போதே செய்வது. முதலில் இது எனக்குத் தலைகீழாகத் தோன்றியது. குழந்தை முழித்திருக்கும்போது அதைக் கவனிக்காமல் துணி மடிக்கிறோமே என்று ஒரு குற்ற உணர்ச்சி. ஆனால் அவளுக்கு அதுதான் விளையாட்டு. பிறந்த புதிதில் குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். அதனால் பக்கத்திலேயே தரையில் விரிப்பைப் போட்டு அவளைப் படுக்க வைத்துவிட்டு, நானும் தரையில் உட்கார்ந்து மடிப்பேன். ஒவ்வொரு துணியையும் அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இது யார் சட்டை? அப்பா சட்டை. இதுல என்ன கறை? இது உன் வேலை" என்று பேசிக்கொண்டே இருப்பேன். சிவப்புத் துண்டு வந்தால் கை கால் உதறுவாள். குழந்தைகளைக் குப்புறப் போட்டுப் பழக்க வேண்டும் என்று சொல்வார்களே, அந்த நேரத்தையும் இதிலேயே சேர்த்துவிட்டேன். மூன்று நிமிடம் குப்புற, நான்கு துணி. முனகினால் திருப்பிப் போடுவது. தரையில் படுத்திருக்கும் குழந்தை கீழே விழ வழியில்லை என்பது கூடுதல் நிம்மதி. கட்டிலில் விட்டுவிட்டு ஒரு நிமிடம் என்று போனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் முதல் முறையாகப் புரண்டு காட்டும்.

அவள் தூங்கும்போது? பகலில் முதல் இரண்டு தூக்கமும் என் தூக்கம். கண் மூடாவிட்டாலும் படுத்தே இருப்பேன். மூன்றாவது தூக்கத்தில் மட்டும் வேலை, அதுவும் மனசு இருந்தால். இதைச் சொன்னபோது போனில் அம்மா, "இதைத்தானேடி நான் முதல் நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார். உண்மைதான். ஆனால் "நீயும் தூங்கு" என்று மட்டும் சொன்னால் அந்த வேலையை யார், எப்போது செய்வது என்ற கேள்வி அப்படியே தொக்கி நிற்குமே. வேலைக்கு வேறு நேரம் கிடைத்த பிறகுதான் என்னால் நிம்மதியாகப் படுக்கவே முடிந்தது.

குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியர் பற்றி ஒரு வார்த்தை. சாயங்காலம் ஆனால் சிணுங்கிக்கொண்டே இருந்த வாரங்களில் அதுதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு கையும் காலியாக இருக்கிறது என்றதும் உலகமே நம் கைக்கு வந்த மாதிரி இருக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், மூக்கைத் துணி மூடக் கூடாது, தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி சுருண்டு போகக் கூடாது. குனியும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்கார வேண்டும். கட்டிக்கொண்டு கூட்டலாம், தூசி தட்டலாம், துணி காயப்போடலாம். அடுப்புக்கு முன்னால் நிற்கவே கூடாது. சூடான டம்ளரைக் கையில் பிடிப்பதும் வேண்டாம். கை தட்டிவிடுவதற்கு நேரம் காலம் கிடையாது.

துணி விஷயத்தில் நான் நிறையப் பாடுபட்டேன். எனக்குச் சிசேரியன். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிட எடை கூடிய எதையும் தூக்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். ஆனால் ஈரத்துணி வாளி எவ்வளவு கனம் என்று யோசிக்கவே இல்லை. 10 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ. அப்போது பாப்பா மூன்றரைக் கிலோ. இரண்டாவது வாரத்தில் ஒரு வாளியைத் தூக்கிவிட்டு, தையல் போட்ட இடம் பிடித்துக்கொண்டு சுவரோரம் பத்து நிமிடம் நின்றேன். அன்று ராத்திரி துவைக்கிற வேலை கணவருக்குப் போனது, பிற்பாடு துணி வேலை முழுவதும்.

அந்த "முழுவதும்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு முன்பும் அவர் உதவி செய்துகொண்டுதான் இருந்தார். "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்பார், சொன்னால் செய்தும்விடுவார். ஆனால் துணி சேர்ந்துவிட்டதா, சோப்பு இருக்கிறதா, காய்ந்ததா, நாளைக்குப் போட அவளுக்குச் சட்டை இருக்கிறதா என்று ஓடிக்கொண்டே இருந்தது என் தலை. ஒரு நாள் நடுராத்திரி, "சொல்றதும் ஒரு வேலைதான், தெரியுமா உங்களுக்கு?" என்று வெடித்துவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் உட்கார்ந்து பேசி, வேலைகளைத் துண்டு துண்டாக இல்லாமல் நுனி முதல் அடி வரை பிரித்துக்கொண்டோம். துணி என்றால் கூடையிலிருந்து அலமாரி வரை அவருடையது. சோப்பு தீர்வதைப் பார்ப்பதும் அவர். குப்பை அவர். ராத்திரி சிங்க்கைக் காலி செய்வது அவர். குழந்தையின் மருந்து, தடுப்பூசித் தேதி, அளவு சிறுத்துப்போன உடைகள் நான். சமையல் நான், சாமான் தீர்ந்ததைப் பார்த்து வாங்குவது அவர்.

ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது இதில் எனக்குக் கஷ்டமான பகுதி. அவர் துணி மடிப்பது எனக்குப் பார்க்கவே சகிக்காது. சட்டையை உருட்டி வைப்பார். முதல் வாரம் அவர் தூங்கிய பிறகு திருட்டுத்தனமாக எடுத்து மறுபடி மடித்தேன். அப்புறம் எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று மாதக் குழந்தைக்குச் சட்டையில் மடிப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இப்போது அவள் சட்டைகளை மடிப்பதே இல்லை. மேல் சட்டை ஒரு கூடை, கீழ் உடை ஒரு கூடை, துண்டு துணியெல்லாம் ஒரு கூடை. கொடியிலிருந்து நேராகக் கூடைக்கு.

கறை பற்றி நாங்கள் அடிபட்டுக் கற்ற இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பால் கக்கிய துணியை வெந்நீரில் போட்டால் கறை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அதில் இருப்பது புரதம். பச்சைத் தண்ணீரில் அலசி ஊற வைத்துவிட்டுப் பிறகு துவைத்தால் போய்விடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் மலக் கறை துவைத்த பிறகும் லேசாகத் தெரியும். துணியை ஈரத்தோடு நல்ல வெயிலில் கறை தெரியும் பக்கம் மேலே வருமாறு காயப்போடுங்கள். சாயங்காலம் தேடினாலும் கிடைக்காது. துணி டயப்பர் பயன்படுத்துகிறவர்கள் வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னரை அதில் ஊற்ற வேண்டாம். நூலில் படிந்து, ஈரத்தை உறிஞ்ச விடாமல் செய்துவிடும். நாங்கள் ஊற்றினோம். இரண்டு வாரம் படுக்கையெல்லாம் ஈரம், காரணம் புரியாமல் டயப்பரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி ஒரு தடவை அவர் பால் கொடுக்கட்டும் என்று பாலை எடுத்து வைக்க ஆரம்பித்தபோது கழுவும் வேலை இரட்டிப்பானது. எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜில் 4 நாளும் தாங்கும். அறை அதைவிடச் சூடு என்றால் உடனே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். பாட்டில், பம்ப் பாகங்களை சிங்க்கில் மற்ற பாத்திரங்களோடு போடாமல், அதற்கென்றே ஒரு தனி அகலப் பாத்திரமும் தனி பிரஷ்ஷும் வைத்துக்கொண்டோம். எழுந்து கொடுப்பது போலவே கழுவி வைப்பதும் அவர் கணக்கு. எனக்கு நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் கிடைத்தது. அந்தத் தூக்கத்தின் அருமையை நான் எழுதித் தெரிவிக்க முடியாது.

வீடு எப்படி இருந்தது என்று கேட்டால், அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றை மட்டும் விடவில்லை. படுக்கப் போகுமுன் சிங்க் காலி, ஒரு நாளைக்கு ஒரு தடவை மெஷின், குப்பை வெளியே. இந்த மூன்றும் நடந்தால் மறுநாள் காலை அழுகையோடு ஆரம்பிக்காது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கிடைத்தபோது. திங்கள் இது, செவ்வாய் அது என்று கட்டம் போட்டு ஒட்டுகிறார்களே, நானும் ஒட்டினேன். எந்தக் கட்டத்திலும் டிக் விழாமல் அந்த அட்டையே என்னைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்ததால் ஒன்பதாவது நாள் கிழித்துப் போட்டேன். குழந்தைக்குப் பொதுவாக 6 வாரம், 8 வாரம் ஆகும்போதுதான் அழுகை உச்சத்துக்குப் போகும், 3, 4 மாதம் ஆனால் தானாகக் குறையும் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வாரத்தில் போய் அட்டவணை போட்டிருக்கவே மாட்டேன்.

வருகிறவர்கள் எல்லாரும் "நீ போய் வேலையைப் பாரு, நான் குழந்தையை வச்சுக்கறேன்" என்பார்கள். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் எனக்கு வேண்டியது நேர் எதிர். நான் குழந்தையோடு உட்கார்ந்திருப்பேன், நீங்கள் பாத்திரத்தைப் பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. கடைசியில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டினேன்: தண்ணீர் பாட்டில் நிரப்ப, கொடியில் துணி எடுக்க, தரை கூட்ட. "ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு அந்தச் சீட்டைக் காட்டுவது வாயால் சொல்வதைவிட எளிது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையில் நிறையப் பேருக்கு நிம்மதியாக இருந்தது.

பால் கொடுக்கும் இடத்தில் ஒரு கூடை வைத்ததும் இந்தச் சமயத்தில்தான். டயப்பர், ஒரு மாற்று உடை, துடைக்கத் துணி, எனக்குத் தண்ணீர், போன் சார்ஜர், கொறிக்க ஏதாவது. படுக்கையறையில் ஒன்று, ஹாலில் ஒன்று. உட்கார்ந்த பிறகுதான் தாகம் எடுக்கும், அப்போது எழ முடியாது.

சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வாரம் என்று நினைக்கிறேன், அந்தப் பாத்திரம் கருகிய அதே சமயம். ராத்திரி 2 மணிக்கு, குழந்தையும் கணவரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் குளியலறை டைல்ஸ் இடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை. குழந்தை தூங்கும்போதுகூட எனக்குத் தூக்கம் வருவதில்லை. எங்காவது அழுக்கு இருந்து அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் "எவ்வளவு சுறுசுறுப்பு" என்றார்கள். தடுப்பூசிக்குப் போன அதே நாளில், எனக்கான பரிசோதனையின்போது டாக்டர் "தூக்கம் எப்படி?" என்று கேட்டதும் அழுதுவிட்டேன். பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் கண் கலங்குவது பலருக்கும் வரும், போய்விடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, குழந்தை தூங்கியும் தூங்க முடியாமல் இப்படிப் பதற்றமாகவே இருந்தாலோ அது சோம்பலும் இல்லை, சுறுசுறுப்பும் இல்லை, சிகிச்சை உள்ள ஒரு பிரச்சினை என்று பொறுமையாக விளக்கினார். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குக் குணமாக மூன்று மாதம் ஆனது. இடையில் வீடு கொஞ்சம் கூடுதல் அழுக்காகத்தான் இருந்தது.

ஆறு மாதத்துக்குப் பிறகு வேலையின் முகமே மாறிவிட்டது. தாய்ப்பாலோடு மற்ற உணவும் ஆரம்பித்ததும் தரை, சுவர், தலைமுடி எல்லாம் சாப்பிட ஆரம்பித்தன. நாற்காலிக்கு அடியில் பழைய படுக்கை விரிப்பை விரித்து, முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கி வெளியே உதறுகிறேன். குனிந்து துடைக்கும் வேலை முக்கால்வாசி குறைந்துவிட்டது.

தவழ ஆரம்பித்ததும், பாதியில் விடக்கூடிய வேலை என்ற என் பட்டியலையே மறுபடி திருத்த வேண்டி வந்தது. தரை துடைப்பதை அதுவரை நிறுத்தக்கூடிய வேலை என்றுதான் வைத்திருந்தேன். ஒன்பதாவது மாதம். காலிங் பெல் அடித்தது, மாப்பை அப்படியே வாளியில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால், வாளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாதம் தரையிலிருந்து எழும்பியிருந்தது. அந்த வயதில் உடம்பை ஒப்பிடத் தலைதான் கனம். தலைகீழாக உள்ளே விழுந்தால் தானாக வெளியே வர முடியாது, மூழ்குவதற்குச் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். சத்தம்கூடக் கேட்காது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாளிகள் எல்லாம் காலியாக, கவிழ்த்துத்தான் இருக்கும். குளியலறைக் கதவு சாத்தியே இருக்கும். தரையைத் துடைப்பது அவள் ராத்திரி தூங்கிய பிறகு, அதுவும் பெரும்பாலும் வெறும் தண்ணீரால்.

அதே வாரம் சிங்க்குக்குக் கீழே இருந்த கிளீனர், ப்ளீச், ஆசிட் எல்லாவற்றையும் எடுத்து மேல் அலமாரிக்கு ஏற்றினோம். (ப்ளீச்சையும் கழிவறை ஆசிடையும் ஒரே சமயத்தில் ஊற்றினால் நல்ல சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.) மேசை விரிப்பு போனது, அதைப் பிடித்து இழுத்தால் மேலே இருப்பதெல்லாம் தலையில். ரிமோட், எடை மெஷின் மாதிரி பொத்தான் பேட்டரி போட்ட சாமான்களின் மூடி ஸ்குரூ போட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்தோம். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். டாய்லெட் பேப்பர் உருளைக்குள் நுழைகிற அளவுள்ள எதுவும் அவள் தொண்டையில் அடைக்கக்கூடும் என்று ஒரு அளவுகோல் சொல்வார்கள். அந்த அட்டை உருளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் முட்டி போட்டு வீடு முழுக்கச் சுற்றிய ஞாயிற்றுக்கிழமைதான் நான் கடைசியாகச் செய்த பெரிய சுத்தம். சோபாவுக்கு அடியில் மட்டும் பதினான்கு சாமான் கிடைத்தது.

இவ்வளவையும் மேலே ஏற்றிய பிறகு, சமையலறையில் ஒரே ஒரு கீழ் அலமாரியை அவளுக்கென்று விட்டுவிட்டோம். பிளாஸ்டிக் டப்பாக்கள், மூடிகள், மரக் கரண்டி இரண்டு, அப்புறம் அந்தக் கருகிய பாத்திரம். காலையில் நான் சிங்க்குக்கு முன்னால் நிற்கும்போது காலடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுப்பாள். எல்லாம் வெளியே வந்ததும் கரண்டியால் பாத்திரத்தில் அடிப்பாள். முழுதாகப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கிறது, ராத்திரி மிச்சம் விட்டதை அதற்குள் தேய்த்துவிடலாம். திரும்ப அடுக்கி வைப்பது என் கணக்கில் இல்லை. அது அவருடையது.